அடிமண்

மண்ணைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற மிதப்பில்தான் ரசமட்டம் அந்தக் கடைக்குப் போனான். மிதப்பில் தப்பொன்றும் இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து டைல்ஸ் போடுகிறவன். எந்த மண் அமுங்கும், எந்த மண் தாங்கும், எது ஈரத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும் என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவான். சட்டைப் பையில் பேனா இருக்குமோ இருக்காதோ, குமிழி ஓடும் சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துப் பார்த்து உச்சுக் கொட்டுவான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் ரசமட்டம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைக்காரருக்கும் அதே கதிதான். கடல்மீன் தொட்டியும் அதற்கான உப்பும் விற்கிறவர் என்பதால் உப்பு அண்ணன். வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

"இது மாவு மாதிரி. பார்க்க ஜோரா இருக்கும். ஆனா மோட்டாரைப் போட்டதும் பறக்கும், தொட்டிக்குள்ள புகை போட்ட மாதிரி ஆயிடும்" என்று ஒரு தட்டை முன்னால் நகர்த்தினார். "இது பவளத் துண்டு. பறக்காது. ஆனா இடுக்குல எல்லாம் அழுக்கு போய் உக்காந்துக்கும், உள்ளயே நாறும். மண்ணே வேணாம், வெறுங் கண்ணாடியா விடுறேன்னாலும் விடலாம். கழுவுறது சுலபம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், பரவாயில்லையா?"

"நடுத்தரமா ஒண்ணு குடுங்கண்ணே. நாலு விரக்கடை உயரத்துக்கு வேணும்."

"நாலு விரல் எதுக்கு? தொட்டி வைக்கிறீங்களா, இல்ல அதுக்குள்ள கட்டடம் கட்டுறீங்களா?"

"அடி கெட்டியா இருந்தாத்தான் மேல எதுவும் நிக்கும்" என்றான் ரசமட்டம், தொழில் பேச்சாக.

உப்பு அண்ணன் இரண்டு மூட்டை எடுத்துக் கட்டினார். "இன்னொண்ணு கேட்டுக்குங்க தம்பி. மண்ணைப் போட்டதும் மீனை விட்டுறாதீங்க. முதல்ல மண்ணு உயிர் பிடிக்கணும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதுல வந்து குடியேறும். அதுங்கதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும். அது வரைக்கும் காலித் தொட்டிதான். பொறுமை வேணும்."

பொறுமை அவனிடம் நிறையவே இருந்தது. கல்யாணத்துக்கே தலை நரைக்கும்வரை காத்திருந்தவன். அவனுக்கு அது முதல் கல்யாணம், அவளுக்கு இரண்டாவது. அவளுடைய முதல் கணவர் கடலடி மண்ணைத் தோண்டி அள்ளும் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு மத்தியானம் கப்பலின் விளிம்பிலிருந்து விழுந்தார். தேடினார்கள், தேடினார்கள், ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கடலைப் பார்ப்பதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்தும் வேலை அவளுக்கு. கடற்கரைச் சாலை வழியாகப் போனால் கால் மணியில் போய்விடலாம். அவளோ ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில்தான் ஏறுவாள்.

வீட்டில் அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்குக் குறை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் சிரித்தால் அது உதட்டோடு நின்றுவிடும். ஒரே ஒரு தடவை அவள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவனுக்கு வெறியாகவே ஆகிவிட்டது. அதற்காக என்னென்னவோ செய்து பார்த்தான், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் தோன்றிய யோசனைதான் இந்தத் தொட்டி. பெரிய கடலைக் கண்டால்தானே பயம்? ஹாலில் அடக்கமாக ஒரு கடல், சுவிட்சைத் தட்டினால் அலை நின்றுவிடும் கடல். அதைப் பார்த்துப் பார்த்துப் பயம் தெளியட்டும் என்று நினைத்தான். மனுஷன் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை.

மண்ணைக் கொட்டிப் பரப்பியபோது ஒரு பக்கம் ஒரு விரல் உயரம் குறைந்தது. எவ்வளவு பெரிய வித்தகன், கணக்கில் சறுக்கிவிட்டான்! உப்பு அண்ணனோ வெளியூர் போய்விட்டார். தரை வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கூடை மண் குறைகிறது என்பதற்காக யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கிடப்பதை அள்ளிப் போட்டு மட்டம் பிடித்துவிடுவார்கள். மேலே டைல்ஸ் வந்த பிறகு, அடியில் கிடப்பது எங்கிருந்து வந்தது என்று எவன் கேட்கப்போகிறான்?

பழைய வாளி ஒன்றைத் தேடி லாஃப்டில் கைவிட்டவனுக்கு, பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை அகப்பட்டது. வாயைத் தையல் நூலால் பல சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. அவிழ்த்தான். கொஞ்சம் கறுத்த, சொரசொரப்பான மண். நடுநடுவே கிளிஞ்சல் பொடி. மோந்து பார்த்தால் நல்ல கடல்வாசம். முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். நம்ம அதிர்ஷ்டம்டா என்று சிரித்துக்கொண்டே வாளியில் கொட்டிக் கழுவினான். முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது. அதைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றினான். தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசி ஊற்றினான். பிறகு குறைந்த பக்கத்தில் போட்டு, கையால் கலந்து, பலகையால் இழுத்து, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்ற விடாமல் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினான்.

"கொஞ்சம் மண்ணு குறைஞ்சுது. லாஃப்டுல ஒரு துணிப்பையில கிடந்துச்சு, அதையும் கழுவிப் போட்டுட்டேன். எது புதுசு, எது பழசுன்னு கண்டுபிடி பார்ப்போம்!"

தோளிலிருந்து இறங்கிய கைப்பை அவளுடைய முழங்கையில் வந்து தொங்கியது. அவள் அதைத் தூக்கி மாட்டவில்லை.

"கழுவுனீங்களா?"

"பின்ன? கழுவாம போட்டா கலங்கிடாது?"

அவள் குனிந்து, கண்ணாடிமேல் விரலை வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெதுவாகக் கொண்டுபோனாள். "தெரியல" என்றாள். "எதுன்னு தெரியல."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவனை என்ன சொல்வது! அன்றைக்கு ராத்திரி முழுக்க அவனுக்குக் கால் தரையில் படவில்லை.

சில நாளில் தண்ணீர் தெளிந்தது. மீன் இல்லை, செடி இல்லை, பளிச்சென்று தண்ணீரும் மண்ணும் மட்டும். ஒரு காலையில் காப்பி டம்ளரோடு வந்து பார்த்தவன் முகம் சுளித்தான். மண்ணின் நடுவே ஒரு சின்னப் பள்ளம். உள்ளங்கை நீளம். இழுத்து மட்டம் செய்தான். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் பள்ளம். உற்றுப் பார்த்தால் அதற்கு ஓர் உருவம் இருந்தது. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்துத் தூங்கும் ஆள், மெத்தையில் விட்டுப்போகும் பள்ளம் போல.

உப்பு அண்ணனுக்குப் போன் போட்டான்.

"தண்ணி அடிக்கிற வேகம் தம்பி. மோட்டாரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைங்க" என்றார் அவர்.

திருப்பி வைத்தான். பள்ளம் வந்தது. மோட்டாரை நிறுத்தியே வைத்துப் பார்த்தான். தண்ணீர் அசையாமல் நின்றது. பள்ளம் வந்தது. அதுமட்டுமில்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக வந்தது. உள்ளங்கை நீளம் முழங்கை நீளமாயிற்று. பிறகு தொட்டியின் நீளம் போதாமல் கால் பக்கம் காணாமல் போனது. பிறகு தலையும் தோளும் மட்டும். கட்டட வேலைக்காரனுக்கு இது புரியாமல் போகுமா? மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெருமுனையில் வருகிற ஆள் கட்டைவிரல் அளவுதான் இருப்பான். பக்கத்தில் வர வர வளர்வான். மண்ணில் படுத்திருப்பவர் வளரவில்லை, நெருங்கி வந்துகொண்டிருக்கிறார். இது தோன்றியதும் ரசமட்டம் பலகையை எடுத்து வேகவேகமாக மண்ணை மட்டம் செய்தான். வேலை நெருக்கடியில் இப்படியெல்லாம் தோன்றும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

வீட்டிலோ எல்லாம் அவன் ஆசைப்பட்டபடியே நடந்தது. அவள் முகம் தெளிந்தது. அடுப்படியில் வாய்க்குள் ஏதோ முனகிப் பாடினாள். ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து நின்றாள்.

"என்ன இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?"

"கடற்கரைப் பஸ்ஸுல வந்தேன்" என்றாள், ஏதோ தினமும் அதில் வருகிறவள் போல.

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோசனை பலித்துவிட்டது என்று பூரித்துப்போனான். அந்தப் பூரிப்பு, குளித்துவிட்டு வெளியே வந்து ஹாலில் அவள் குரலைக் கேட்கும்வரைதான் நிலைத்தது. தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு, முகவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டு, ரெண்டுலயும் என் மருமக அழகாத்தான் தெரியுறா, வேற குடுங்கிறாங்க..."

அவனிடம் ஒருநாளும் கடை விஷயம் எதையும் அவள் சொன்னதில்லை. மண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரசமட்டத்துக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. மீன்கூட இல்லாத தொட்டிமேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தால் எரிச்சல் அணையவில்லை.

விஷயம் உடைந்தது அவளுடைய அக்கா வந்த விடுமுறை நாளில். மனைவி கீழே கடைக்குப் போயிருந்தாள். அக்கா தொட்டியைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள். இந்த மண் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அவனும் கணக்கில் சறுக்கியதையும் லாஃப்டில் பை கிடைத்ததையும் வேடிக்கையாகச் சொன்னான். அக்கா சிரிக்கவில்லை.

"நூல் சுத்திக் கட்டியிருந்த பையா தம்பி?"

"ஆமாக்கா. ஏன்?"

"அந்த ஆளு கிடைக்கவே இல்லையே. கப்பல்ல கூட வேலை பார்த்தவங்க, அவரு விழுந்த இடத்துல அடிமண்ணைத் தோண்டி ஒரு பை கொண்டுவந்து குடுத்தாங்க. இவ அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. புதைக்கவும் மாட்டேன்னுட்டா, கரைக்கவும் மாட்டேன்னுட்டா. அவ உங்ககிட்ட சொல்லலையா?"

ரசமட்டம் தன் கைகளைப் பார்த்தான். கறுப்பாக வந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிய கைகள்.

"அவரு படுத்துத் தூங்குறது எப்படிக்கா?" என்று கேட்டான். கேட்டபிறகுதான், இதை எந்த மாப்பிள்ளையும் கேட்கமாட்டான் என்று உறைத்தது.

அக்கா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஒருக்களிச்சுத்தான். தலகாணியே வச்சுக்க மாட்டாரு. கையை மடக்கித் தலைக்கு வச்சுக்குவாரு."

மறுநாளே உப்பு அண்ணனிடம் போய் நின்றான். பழைய மண் வேண்டாம், மொத்தமாக மாற்ற வேண்டும் என்றான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் அதுல உயிர் பிடிச்சிருக்கும்! மாத்தணும்னா ஒரு ஓரமா, கொஞ்சங்கொஞ்சமா மாத்துங்க. ஒரேயடியா அள்ளினா இத்தனை நாளும் குடியிருந்ததெல்லாம் வெளியே வந்துரும்."

"எனக்கு ஒரு பிடி கூட மிச்சம் இருக்கக் கூடாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் புது மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அவள் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தான். அன்று காலை மண்ணில் ஒரு முகம் மட்டுமே இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்த முகம். தொட்டியின் இந்த முனையில் நெற்றி, அந்த முனையில் தாடை. மூடிய இமை தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கினான். பிறகு மண்ணை அள்ளக் கொத்துக்கரணையை விட்டான். கரணை இறங்கவில்லை. பள்ளத்து மண் அவ்வளவு கெட்டியாக இருந்தது, வருடக்கணக்கில் ஏதோ பாரம் அழுத்திய அடித்தளம் போல. கையை விட்டுப் பறித்தான். மண் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரைச் சூடாக்கும் கருவி உள்ளே இருந்ததால் அப்படி இருக்கலாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். யாருக்குச் சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது.

எது அவர், எது கடையில் வாங்கியது என்று பிரிக்க வழியில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டினான். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சாக்கில் போட்டான். மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே, தெருவோடு நேராகப் போனால் வரும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். முழங்கால் ஆழத்தில் நின்று கொட்டினான். மணல் கொஞ்ச நேரம் குவியலாக நிற்கும் என்று எதிர்பார்த்தான். நிற்கவில்லை. முதல் அலையிலேயே போய்விட்டது, அவசரமாகக் கிளம்பிப் போனதுபோல.

திரும்பி வரும்போது மனசு லேசாகிவிட்டது. புது மண்ணைக் கழுவிப் பரப்பினான். கணக்கு இந்தத் தடவை சரியாக இருந்தது. குமிழி நடுவில் நின்றது. தண்ணீர் நிரப்பிவிட்டு அதன்முன் உட்கார்ந்து பார்த்தான். மண் மண்ணாகவே கிடந்தது. அவள் அழுவாள் என்று அவனுக்குத் தெரியும். அழட்டும், திட்டட்டும், ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும். அதற்குப் பிறகாவது இந்த வீட்டில் அவளும் தானும் மட்டும் இருக்கலாம்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவள் வந்தாள். வாசலில் நின்றபடியே தொட்டியைப் பார்த்தாள்.

"மாத்திட்டீங்க."

"அக்கா எல்லாம் சொன்னாங்க. நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா காட்டுனீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது?" கைப்பையை ஆணியில் மாட்டினாள். "எங்க கொட்டுனீங்க?"

"கடல்லதான். நம்ம தெருவோட நேரா போனா வருமே, அங்க. சாக்கடையில ஒண்ணும் போடல" என்றான் அவசரமாக. "மரியாதையாத்தான் விட்டேன். தப்பா இருந்தா மன்னிச்சுரு."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அவன் அழுகிறாள் என்று பதறிக் கிட்டப் போனான். அவள் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, கண் சுருங்க, மூச்சு வாங்க. அவன் இத்தனை காலமும் கேட்க ஏங்கிய சிரிப்பு.

"உங்க மேல எனக்கு என்ன கோவம்? எல்லாத்தையும் நீங்கதானே பண்ணுனீங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு போனப்ப நான் வேற வீட்டுல இருந்தேன். அதுல இப்ப யாரோ இருக்காங்க. திரும்பி வந்தாலும் அவருக்கு நான் இருக்கிற இடம் தெரியாதேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நானோ அவரை மூட்டை கட்டி இருட்டுல போட்டு வச்சிருந்தேன். நீங்கதான் எடுத்து நடு வீட்டுல வச்சு, என்னைக் காட்டுனீங்க. இன்னைக்குத் தெருவையும் காட்டி, கடல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கீங்க. இனிமே அவருக்கு வழி தெரியும்ல?"

அவள் எழுந்து அவன் கன்னத்தைத் தட்டினாள். அந்தத் தட்டலில் அன்பு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. நல்ல காரியம் செய்துகொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டும் அன்பு. உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. புது விரிப்பை உதறிப் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவனுடைய தலையணை அவள் கையில் இருந்தது.

"இன்னைக்கு நீங்க ஹால்ல படுத்துக்குங்களேன்" என்றாள், மெல்ல, விருந்தாளியிடம் கேட்பதுபோல. "அவருக்குத் தலகாணி வேண்டாம்."

வாங்கிக்கொண்டான். ஏன் வாங்கினான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் அவளை உலுக்கி, நான் உன் புருஷன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. உலுக்கினால் அந்தச் சிரிப்பு போய்விடும், கூடவே அவளும் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

கீழே படிக்கட்டின் அடியில், கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் செய்வதுபோல, யாரோ காலைத் தரையில் தட்டி மண்ணை உதிர்த்தார்கள். ஒரு கால். பிறகு இன்னொரு கால். அப்புறம் படியேறும் சத்தம். நனைந்த பாதம் ஒவ்வொரு படியிலும் ஒட்டிப் பிரிந்தது. ஒவ்வொரு மாடியாக நின்று, பார்த்து, மேலே வந்தது. அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது.

அவன் அசையவில்லை. கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஏங்க" என்றாள் அவள் உள்ளேயிருந்து. குரலில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "கொஞ்சம் திறந்து விடுங்களேன். அவருக்கு நம்ம கதவு பழக்கமில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட எதையும் அவன் முடியாது என்று சொன்னதில்லை. அவள் கேட்டதும் குறைவுதான். தலையணையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான்.